999 வருஷத்து நட்பு

நாடுகள் கூடித் தண்ணீரை நிர்வகிப்பது எப்படி என்று அறிய ஜெனீவாவுக்கு விமானம் ஏற வேண்டாம். குமுளி பஸ் போதும். 1886இல் திருவிதாங்கூர் சமஸ்தானமும் பிரிட்டிஷ் அரசும் முல்லைப் பெரியாற்று அணைக்கு 999 ஆண்டுக் குத்தகை எழுதின. ஏக்கருக்கு 5 ரூபாய். 1895இல் அணை எழுந்தது. இரண்டும் வேறு வேறு அரசுகள், ஒரு பத்திரம் போதுமாயிருந்தது. இப்போது ஒரே நாடு. ஆகவே அணையில் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இலும் சொல்லி, 2014இலும் சொல்லி, சொன்னதைப் பார்த்துக்கொள்ளக் குழு, குழுவுக்குத் துணைக்குழு. ஒற்றுமை வளர்வது இப்படித்தான். காரியம் இழுக்கிறதே என்பார்கள் பொறுமையில்லாதவர்கள். குத்தகை முடிய 850 ஆண்டுக்கு மேல் கிடக்கிறது, அதற்குள் என்ன அவசரம்?

பலனையும் பார்க்க வேண்டும். மேற்கே போகிற தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்து, கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து, ஆண்டிபட்டி ஓரத்தில் 71 அடி வைகை அணையில் இளைப்பாறுகிறது. பிறகு மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று கிளம்பிவிடுகிறது. உள்ளூரையும் சேர்த்தால் ஒருங்கிணைப்பு கெட்டுவிடுமல்லவா? ஆண்டிபட்டி மேட்டுக்காடு இன்னும் மானாவாரிதான்.