பாயிரமும் எல்.ஓ.ஆரும்: ஓர் ஒப்பாய்வு

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கும் நம் ஊர் இன்ஜினியரிங் மாணவன் ஜி.ஆர்.இ. தேர்வைவிட அதிகமாக அஞ்சுவது மூன்று கடிதங்களுக்கு. ஹாஸ்டல் வழக்கில் எல்.ஓ.ஆர். எனப்படும் அந்தப் பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் கேட்பது என்பது பற்றித் தமிழில் முறையான ஆய்வு ஏதும் என் கண்ணில் படவில்லை. தேடியது ஒரு மதியம்தான் என்பதையும் ஆய்வு நேர்மை கருதிச் சொல்லிவிடுகிறேன்.

நமக்கு முதல் நூல் நன்னூல். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம், அதாவது அதைச் சிறப்பித்து அறிமுகப்படுத்தும் முன்னுரை, சொல்ல உரியவர் நால்வர் என்கிறார் பவணந்தி முனிவர்: நூல் செய்தவனின் ஆசிரியர், அவனோடு சேர்ந்து படித்தவன், அவனுடைய மாணவன், தகுதியுள்ள உரைகாரர். கவனிக்க, இதில் எச்.ஓ.டி. இல்லை. பிரின்சிபால் இல்லை. தாளாளரின் மைத்துனரும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டிலேயே இவர்கள் விலக்கப்பட்டுவிட்டனர் என்பது பெறப்படும்.

உடன் கற்றோன் சிபாரிசு செல்லுமோ எனின், செல்லும். 1880-இல் கும்பகோணம் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற தியாகராச செட்டியார் தம் இடத்துக்கு உ.வே.சாமிநாதையரைச் சொன்னார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்கள். உரைகாரருக்குச் சான்று 1912. ராமானுஜன் மெட்ராஸ் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேரக் கடிதம் கொடுத்த மிடில்மாஸ்ட், பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர். ராமானுஜனுக்கு வகுப்பெடுத்த வாத்தியார் அல்லர். ஆனால் இன்றைய அட்மிஷன் கமிட்டிகள் உடன் கற்றோனாகிய ரூம்மேட்டின் கடிதத்தை ஏற்பதில்லை. நான்கு வருடம் ஒரே வாளியில் குளித்தவனுக்குத் தெரியாத எதை ஒரு பேராசிரியர் சொல்லிவிடப்போகிறார்? மாணாக்கன் வகைக்கு, நான் டியூஷன் எடுத்த எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். கேட்டிருந்தால், 'அண்ணா அடிக்க மாட்டார்' என்று எழுதியிருப்பான். பல எல்.ஓ.ஆர்.களில் இவ்வளவு தகவல்கூடக் கிடையாது.

இனி நடைமுறை. இலக்கணம் விலக்கிய எச்.ஓ.டி.யிடம்தான் எல்லாரும் முதலில் போகிறார்கள். காரணம் அவர் பெயருக்குப் பின்னால் வரும் பட்டங்கள். அவர் சொல்வதும் எல்லாக் காலத்திலும் ஒன்றே: "டிராஃப்ட் பண்ணிட்டு வாப்பா." படிவத்தில் முதல் 1%, 5%, 10% என்று கட்டங்கள் இருக்கும். 60 பேர் வகுப்பில் 5% என்றால் 3 பேர். எங்கள் எச்.ஓ.டி. அந்த ஆண்டு அந்தக் கட்டத்தில் 11 பேரை உட்காரவைத்தார். 1948-இல் கணித மாணவர் ஜான் நாஷுக்காக அவருடைய பேராசிரியர் ரிச்சர்ட் டஃபின் பிரின்ஸ்டனுக்கு எழுதியது சில வரிகள்: வயது 19, ஜூனில் படிப்பு முடிகிறது, கணித மேதை. நான் எனக்கு எழுதிக்கொண்டதோ ஆளுக்கு ஒன்றரைப் பக்கம். அந்த மூன்று டிராஃப்ட்களையும் இன்று சுவடி ஆய்வு முறைப்படி ஒப்புநோக்கினால், மூன்றிலும் 'சின்சியர்லி'யில் ஓர் 'இ' குறைகிறது. வேறுபட்ட மூவர் எழுதியதாகச் சொல்லப்படும் ஏடுகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் வந்தால், மூல ஏடு ஒன்றே என்று துணியலாம். முதல் இருவர் பாடபேதம் ஏதுமின்றி அப்படியே அனுப்பிவைத்தார்கள்.

தன்னைத் தானே புகழ்வது தகுமோ எனின், எத்தனை துறை போகியவனுக்கும் தகாது என்று நன்னூல் கண்டிக்கிறது. உடனே விலக்கும் தருகிறது: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றல் அறியாதவரிடையே பேசும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி பழித்தபோது. அமெரிக்கக் கமிட்டிக்குப் போவது ஓலை. அவர்கள் நம் ஆற்றலைச் சற்றும் அறியாதவர்கள். இரண்டு விலக்கும் ஒருங்கே பொருந்துவதால் சுயடிராஃப்ட் இலக்கணச் சுத்தமானது.

சிக்கல் வேறிடத்தில். 1974-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று மாணவனுக்குத் தன் கல்விக் கோப்பைப் பார்க்கும் உரிமை தருகிறது. பரிந்துரைக் கடிதங்களைப் பார்க்கும் உரிமையை மட்டும் அவன் விட்டுக்கொடுக்கலாம். விண்ணப்பத்தில் அதற்கொரு கட்டம் உண்டு. விட்டுக்கொடுத்தால்தான் கடிதத்துக்கு மதிப்பு என்பதால் எல்லாரும் டிக் அடிக்கிறோம். ஆக, முந்தின இரவு தானே டைப் செய்த கடிதத்தை இனி எக்காலத்தும் பார்க்கமாட்டேன் என்று மாணவன் வாக்குக் கொடுக்கிறான். இதற்கு நன்னூலில் சூத்திரம் இல்லை.

மூன்றாமவர் என் பிராஜெக்ட் கைடு. பிஎச்.டி. முடிக்காதவர், "அவங்க லெட்டர் வெயிட் இல்லடா" என்று நண்பர்கள் எச்சரித்திருந்தார்கள். லேபில் வைத்து என் டிராஃப்ட்டைப் படித்தார்.

"லீடர்ஷிப்பா? எப்ப?"

நான் பேசவில்லை.

"மூணாவது செமஸ்டர்ல மல்டிமீட்டரைக் கரன்ட் ரேஞ்சுல வச்சு வோல்டேஜ் பாத்து ஃபியூஸைப் போக்கினது நீதான? அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட் போய் வாங்கிட்டு வந்து நீயே மாட்டிட்ட. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

டிராஃப்ட்டை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு லேப் கம்ப்யூட்டரில் போர்ட்டலைத் திறந்தார்.

"பாக்குற உரிமை வேண்டாம்னு டிக் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன் மேம்."

"அப்ப அந்தப் பக்கம் திரும்பு."

திரும்பினேன். சுவரில் ரெசிஸ்டர் கலர் கோட் சார்ட். பின்னால் இரண்டு விரல் டைப்பிங். நடுநடுவே பேக்ஸ்பேஸை நீளமாக அழுத்தும் சத்தம். கருப்பில் தொடங்கி வெள்ளை வரை பத்து நிறங்களை நான்காவது முறையாக எண்ணிக்கொண்டிருந்தபோது, "ஃபியூஸ் எத்தனை ரூபா?" என்று கேட்டார்.