பேன் நீக்கப் படலம்

இணைய விளையாட்டில் ஒருவருடைய கணக்கை நிறுவனம் முடக்கிவிடுவதைத் தமிழ் இளைஞர்கள் 'பேன்' என்ற சொல்லால் குறிக்கின்றனர். தடையைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பே இது என்றாலும், தமிழ் எழுத்தில் வந்தவுடன் அது தலையில் ஊரும் பழைய உயிரியின் பெயரோடு ஒன்றிவிடுவதால், 'ஐடி பேன் ஆகிவிட்டது' என்று பேரன் கண்கலங்கும்போது பாட்டி பேன்சீப்பைத் தேடி எழுவதைப் பிழை என்று கூற இயலாது. பொருத்தம் ஒலியோடு நின்றுவிடவும் இல்லை. பேன் பார்க்கப்படுகிறவர் குனிந்த தலையோடு அமர்ந்திருக்க வேண்டும். தலை தம்முடையதே ஆயினும் அதில் என்ன அகப்பட்டது என்பதை அவர் காண முடியாது. பார்க்கிறவர் 'இருக்கிறது' என்று சொன்னால் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். முடக்கப்பட்ட விளையாட்டாளரின் நிலையும் இதுவே.

பார்க்கிறவர் இங்கே பெரும்பாலும் மனிதர் அல்லர், ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள். சுவருக்கு அப்பால் நிற்கும் எதிரியைக் காட்டிக்கொடுப்பது, தானாகவே குறிபார்த்துச் சுடுவது போன்ற கள்ளத் துணைநிரல்களை, ஆட்டக்காரர் மொழியில் சொன்னால் 'ஹேக்'குகளை, கண்டுபிடிப்பதற்காக அது கணினியின் நினைவகத்தைத் துழாவி, ஏற்கெனவே பிடிபட்ட நிரல்களின் அடையாளக் கோவையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒப்பீடு என்று வந்துவிட்டால் ஈரைப் பேனாக்குவதும் பேனைப் பெருமாளாக்குவதும் உடன் வருவது இயல்பு. ஆயிரம் நேர்மையாளரில் ஒருவரை மட்டுமே தவறாகப் பிடிக்கும் கருவி சிறந்த கருவியே. ஆனால் ஒரு கோடி நேர்மையாளர் ஆடும் களத்தில் அந்தச் சிறந்த கருவி 10,000 நிரபராதிகளை வெளியே தள்ளிவிடும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. எந்த அடையாளம் ஒத்துப்போனது என்று நிறுவனம் சொல்வதுமில்லை. சொன்னால் கள்ள நிரல் எழுதுவோர் அதை மாற்றிக்கொள்வர் என்பது அதன் வாதம், அது நியாயமான வாதமும்கூட. வால்வ் நிறுவனத்தின் 'வாக்' எனும் தடுப்புமுறை இன்னும் ஒரு படி மேலே சென்று, தன் தடை நிரந்தரமானது என்றும், உதவி மையத்தால் அதை நீக்க முடியாது என்றும், தவறு என நிறுவனமே கண்டறிந்தால் தானாக நீங்கிவிடும் என்றும் அறிவித்துள்ளது. கோயிலுக்குக் கதவு இல்லை, ஆனால் சாமியே வெளியே வந்து அருள் புரியக்கூடும் என்பது இதன் பொருள்.

கதவு வைத்திருக்கும் நிறுவனங்களில் அக்கதவின் பெயர் 'டிக்கெட்'. முறையீட்டை எழுதி அனுப்பியவுடன் வழங்கப்படும் வரிசை எண்ணுக்கு அப்பெயர். அதைக்கொண்டு எங்கும் பயணம் செய்ய இயலாது. இந்த டிக்கெட்டுகளின் உள்ளே எழுதப்படும் மனுக்கள் தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டன. அவ்வகையின் தலையாய பாத்திரம் தம்பி. அண்ணன் குளிக்கச் சென்ற பத்து நிமிடங்களுக்குள் கள்ள நிரலைத் தேடி, பதிவிறக்கி, நிறுவி, இயக்கி, நான்கு ஆட்டங்களில் வென்று, பிடிபட்டும்விடும் ஆற்றல் படைத்த இத்தம்பி, வேறெந்த வேளையிலும் கணினி ஆற்றல் எதையும் வெளிப்படுத்தியவன் அல்லன். உலகின் எல்லா மொழிகளிலும் எழுதப்படும் மனுக்களில் அவன் தோன்றுகிறான். தம்பி இல்லாத வீடுகளில் மாமன் மகனாகவும் விடுதி அறைத் தோழனாகவும் அவதாரம் எடுக்கிறான். கணக்கில் நடப்பவை அனைத்துக்கும் கணக்குக்கு உரியவரே பொறுப்பு என்று விதிகள் கூறுவதால் தம்பியைக் காட்டிக்கொடுப்பதில் பயன் ஏதும் விளைவதில்லை என்பது ஒருபுறமிருக்க, உண்மையிலேயே அப்படியொரு தம்பி வாய்க்கப்பெற்ற அண்ணனின் நிலைதான் இதில் பெரிதும் இரங்கத்தக்கது.

உண்மைக்கும் பொய்க்கும் இங்கே ஒரே நடை. 'எந்த ஹேக்கும் பயன்படுத்தவில்லை, ஆறு ஆண்டுகளாக ஆடுகிறேன், இவ்வளவு பணம் செலவழித்திருக்கிறேன்' என்று நிரபராதி எழுதுவார். எழுத்துக்கு எழுத்து அதையே குற்றவாளியும் எழுதுவார், ஆனால் முன் அனுபவம் உடையவராதலால் அவருடைய வாக்கிய அமைப்பு சற்றுத் திருத்தமாக இருக்கும். நிரபராதியின் மனுவில் சினம் மிகுந்திருக்கும். முதல் மனுவில் அவர் நிறுவனத்தைத் திட்டுவார். இரண்டாவதில் வாங்கிய ஆடைகள், துப்பாக்கி வண்ணங்கள் ஆகியவற்றின், அதாவது 'ஸ்கின்'களின், பட்டியலைச் சீர்வரிசைத் தட்டுபோல் அடுக்குவார். மூன்றாவதில் நுகர்வோர் நீதிமன்றத்தைக் குறிப்பிட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே 'தயவுசெய்து' என்பார். சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பது பழமொழி. இம்முறையீட்டிலோ சாட்சிக்காரனும் சண்டைக்காரனும் நீதிபதியும் ஒரே நிறுவனம் என்பதால், எக்கால் எவருடையது என்ற குழப்பம் முறையீட்டாளருக்கு நேர்வதில்லை.

இக்கட்டுரையை எழுதுபவருக்கும் இத்துறையில் கேள்வியறிவு மட்டுமன்றிப் பட்டறிவும் உண்டு. பெயர் குறிப்பிடத் தேவையில்லாத ஒரு விளையாட்டில், வாளெடுத்துப் போரிடும் வயது கடந்துவிட்டது என்று கருதி, ஆற்றங்கரையில் நின்று மீன் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த அவர், பதினொரு நாள்களாக மாலைதோறும் ஒரே இடத்தில், ஒரே இடைவெளியில், ஒரு மீனையும் தவறவிடாது தூண்டில் போட்டுவந்ததன் விளைவாக, 'தானியங்கி நிரல்' என்று தீர்ப்பளிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார். வாழ்நாளில் முதன்முறையாக ஒழுங்கைக் கடைப்பிடித்ததற்கு இது தண்டனை. தாம் மனிதரே என்று மெய்ப்பிக்க அவர் எழுதிய நான்கு பக்க மனு அனுப்பப்பட்ட இரண்டே வினாடிகளில், 'தங்கள் முறையீட்டைக் கவனமாகப் பரிசீலித்தோம்' என்று மறுமொழி வந்தது. மனு எழுதியவர், மறுமொழி தந்தவர் ஆகிய இருவரில் எவர் இயந்திரம் என்ற வினாவை அவர் அப்போது எழுப்பவில்லை. இரண்டாவது மனுவுக்காகச் சேமித்து வைத்தார்.

எத்தகைய மனு வெல்கிறது என்று வரலாற்றைப் புரட்டினால், நடையழகுக்கும் வெற்றிக்கும் தொடர்பில்லை என்பதும், கூட்டத்துக்கும் வெற்றிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதும் புலனாகின்றன. 2006 நவம்பரில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டை லினக்ஸ் இயங்குதளத்தில் 'செடேகா' எனும் இடைமென்பொருளின் துணையோடு ஆடியவர்களை பிளிஸார்ட் நிறுவனத்தின் காவல் நிரல் கள்ளராகக் கருதித் தடைசெய்தது. தனியொருவர் முறையிட்டபோது லினக்ஸ் என்பது சாக்குப்போக்காக இருந்தது, லினக்ஸ்காரர் பலர் சேர்ந்து முறையிட்டபோது அது சான்றாக மாறி, தடை நீங்கியது. 2010 ஜூலையில் வால்வ் நிறுவனம் 'மாடர்ன் வார்ஃபேர் 2' ஆடிய ஏறத்தாழ 12,000 பேரைத் தவறாக முடக்கியதன் காரணம் மேலும் சுவையானது. நிறுவனத்தின் 'ஸ்டீம்' மென்பொருள் விளையாட்டின் கோப்பு ஒன்றை வட்டில் புதுப்பித்துவிட்டு, நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்த அதன் பழைய படியை அப்படியே விட்டுவிட்டது. இரண்டும் ஒவ்வாதிருக்கக் கண்ட காவல் நிரல், எவரோ கோப்பைத் திருத்திவிட்டார் என்று முடிவுகட்டியது. திருத்தியவர் வீட்டுக்காரரே என்பது தெரியவந்தபின், தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டு மடல் எழுதியதோடு, பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் 'லெஃப்ட் 4 டெட் 2' விளையாட்டின் ஒரு படியையும், நண்பருக்குப் பரிசளிக்க இன்னொரு படியையும் வழங்கினார். அப்போது பிடிபடாமற்போன நேர்மையாளர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

2023 அக்டோபரில் இக்கதை மீண்டும் நிகழ்ந்தது. சுட்டியின் அசைவுக்கும் திரையின் அசைவுக்கும் இடையிலுள்ள தாமதத்தைக் குறைக்க ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட 'ஆன்டி-லேக் பிளஸ்' வசதி, 'கவுன்டர்-ஸ்டிரைக் 2' விளையாட்டின் உட்செயல்களையே இடைமறித்து மாற்றியதால், அதை இயக்கியவர்கள் கள்ளராகத் தடைபட்டனர்; ஏஎம்டி அவ்வசதியைத் திரும்பப் பெற்றது, தடைகளும் பின்னர் நீக்கப்பட்டன. தவறாகத் தடைபடுவது என்று முடிவாகிவிட்டால் ஆயிரக்கணக்கானோருடன் சேர்ந்து தடைபடுவதே அறிவுடைமை. தனித்துத் தடைபடுகிறவருக்குத் தம்பியைத் தவிரத் துணையில்லை.

விதிவிலக்காக ஒரு தனியர் வென்றதுண்டு, ஆனால் அவருக்குப் பின்னால் ஓர் ஊரே நின்றது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஃபோர்ட் கே என்றொரு சிற்றூர் உள்ளது. அப்பெயரின் பிற்பகுதி ஓரினச் சேர்க்கையாளரையும் குறிக்கும் சொல். 2010இல் தம் எக்ஸ்பாக்ஸ் கணக்கில் இந்த ஊர்ப்பெயரை உள்ளவாறே குறித்திருந்த ஒருவரை, இழிசொல் வழங்கினார் என்று கூறி மைக்ரோசாஃப்ட் இடைநீக்கம் செய்தது. அப்படியோர் ஊர் இருக்கிறது என்று அவர் கூறியது எடுபடவில்லை; ஊர்த் தலைவரே பேசியும் பயனில்லை; செய்தி இதழ்களில் வந்தபின் நிறுவனம் தவற்றை ஒப்புக்கொண்டது. தம் ஊர் இருக்கிறது என்பதற்கு ஊர்த் தலைவரையே சாட்சியாக அழைத்தும் தோற்ற வழக்கு வேறொன்று இருக்குமா என்பது ஆய்வுக்குரியது.

விசாரணையின்றி வெளியேற்றுவது இயற்கை நீதிக்கு முரண் என்ற கோட்பாடு புதிதன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1718இல் ரிச்சர்ட் பென்ட்லி என்ற பேரறிஞரின் பட்டங்களை அவரைக் கேளாமலே பறித்துவிட, 1723இல் அவ்வழக்கைக் கேட்ட நீதிபதி ஃபோர்டெஸ்க்யூ, இறைவனே ஆதாமை ஏதேன் தோட்டத்திலிருந்து வெளியேற்றும் முன் அழைத்து விளக்கம் கேட்டார் என்று சுட்டிக்காட்டினார். பட்டங்கள் திரும்பக் கிடைத்தன. ஆதாமும் மனைவி மேல் பழிபோட்டார் என்பதையும், அவருக்குத் தம்பி இல்லாததே அதற்குக் காரணம் என்பதையும் நீதிபதி கருத்தில் கொள்ளவில்லை. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சேவைகள் சட்டம், இத்தகைய முறையீடுகளை இயந்திரம் மட்டுமே தீர்த்துவைக்கக் கூடாது என்று விதிக்கிறது. 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துள்ள அச்சட்டத்தின்படி, அங்கே மீன் பிடிக்கிறவருடைய மனு ஒரு மனிதரின் மேற்பார்வைக்கு உட்பட்டாக வேண்டும்.

மேற்சொன்ன மீன்பிடி வழக்கில் மூன்றாவது மனுவுக்குப் பின், காரணம் எதுவும் கூறப்படாமல் கணக்கு மீண்டது. பிடித்த மீன்கள் மட்டும் மீளவில்லை. அன்றுமுதல் கட்டுரையாசிரியர் ஒவ்வொரு ஏழாவது மீனையும் வேண்டுமென்றே தவறவிட்டு வருகிறார். ஏழாவது என்பதும் ஓர் ஒழுங்காகக் கண்டறியப்படலாம் என்ற அச்சம் அண்மையில் எழுந்துள்ளமையால், சில மாலைகளில் ஒன்பதாவது மீனை விடுகிறார்.