ஏழு மணி நாடகம்

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குச் சபா நாடகம் என்றால், அதற்கான ஒத்திகை செவ்வாய்க்கிழமையே தொடங்கிவிடும். நடிக்கிறவர்களைச் சொல்லவில்லை. பார்க்கப் போகிறவர்களைச் சொல்கிறேன்.

எங்கள் தரப்பில் நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், மாமியார், மைத்துனர் என்று ஐந்து பேர். மைத்துனர் குடியிருப்பது அடுத்த தெருவில். ஆனால் எங்கள் வீட்டில் எந்த முடிவு எடுத்தாலும் அந்த நேரத்தில் எங்கள் ஊஞ்சலில் இருப்பார்.

மாமியாருக்குச் சிரிப்பு நாடகம்தான் வேண்டும். சிரிப்பு நாடகம் என்றால் அவருக்கு மாதுவும் ஜானகியும். கிரேஸி மோகன் எத்தனை நாடகம் எழுதியிருந்தாலும் நாயகன் பெயர் மாது, நாயகி பெயர் ஜானகி. அதனால் யார் யார் என்று தெரிந்துகொள்ளவே அரைமணி போகாது, வந்து உட்கார்ந்த உடனே சிரிக்க ஆரம்பிக்கலாம் என்பது அவர் கட்சி.

"பாட்டி, எல்லா நாடகத்துலயும் ஒரே சோபாதான் வருது" என்றாள் மகள். குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. நடுவில் சோபா, ஓரத்தில் ஸ்டூல், அதன்மேல் ஒரு தொலைபேசி. ஒரு பக்கம் வாசல், மறுபக்கம் சமையலறை. வாசல் வழியாகச் சம்பந்தி வருவார், சமையலறை வழியாகக் காபி வரும். அவளுக்கு வேண்டியது நவீன நாடகம். ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையைப் பற்றியெல்லாம் அவள் படித்திருக்கிறாள். நடிகனின் உடம்பே மேடைப் பொருள், வேறு எதுவும் வேண்டாம் என்று பாட்டிக்கு விளக்கினாள். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சோபாகூட இல்லைன்னா வர்றவங்க எங்கதான் உட்காருவாங்க?" என்றார்.

மைத்துனர் ஊஞ்சலை நிறுத்தினார். எழும்பூர் மியூசியம் தியேட்டரில் ஆங்கில நாடகம் பார்க்கலாம் என்றார். 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' 1955-லிருந்து இருக்கிற குழு, அரங்கமோ 1896-ல் கட்டியது, நாடகம் சுமாராக இருந்தாலும் கூரையைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரத்தை ஓட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. மாமியார் பழைய மெட்ராஸ்காரர். மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் சொல்லி வளர்ந்தவர். "ஞாயித்துக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துல செத்த காலேஜுக்கா?" என்றதோடு அந்தத் தீர்மானம் தோற்றது.

மனைவிக்கு எந்த நாடகமும் சம்மதம். "ஒன்பதரைக்குள்ள முடியணும், அவ்வளவுதான். மாவு அரைக்கணும்."

மாமனார் இருந்த காலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. மயிலாப்பூரில் ஒரு சபாவில் அவர் உறுப்பினர். வருடச் சந்தா கட்டிவிட்டால் மாதா மாதம் நிகழ்ச்சி அட்டை தபாலில் வரும். இன்ன தேதி, இன்ன நாடகம் என்று அதில் போட்டிருக்கும். போக வேண்டும், அவ்வளவுதான். யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். சபா மொத்தமாக ஒரு தொகை பேசிக் குழுவை அழைத்துவிடும். டிக்கெட் விற்குமா என்ற கவலை குழுவுக்கு இல்லை, எதைப் பார்ப்பது என்ற கவலை உறுப்பினருக்கு இல்லை. இவ்வளவு நிம்மதியான ஏற்பாட்டை எதற்காகக் கைவிட்டோம் என்று எனக்குப் புரியவில்லை. 1975-ல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததைக் காரணம் காட்டுவார்கள். இருக்கலாம். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, 'உனக்கு எது பிடிக்கும்?' என்று ஒருவரை ஒருவர் கேட்க ஆரம்பித்ததுதான் காரணம்.

ஏழு மணி என்ற கணக்கும் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தோதாக இருந்தது. பார்க்கிறவர் ஆபீஸ் போகிறவர் என்றால் நடிக்கிறவரும் ஆபீஸ் போகிறவர். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபாவைத் தொடங்கியபோதே படித்தவர்கள் பொழுதுபோக்காக நடிக்கும் வழக்கம் வந்துவிட்டது. அவரே வக்கீலாகி, பிறகு நீதிபதியும் ஆனவர். கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ் என்கிற அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்துகொண்டுதான் நாடகம் போட்டார். ஃபைலை மூடிவிட்டு வந்து அரிதாரம் பூசிக்கொள்ள ஏழு மணி ஆகும். அந்த ஏ.ஜி. ஆபீஸ் பெயரில் இன்று ஒரு மெட்ரோ நிலையமே இருக்கிறது. சாயங்காலம் ஆறரைக்கு அங்கே ரயில் ஏறி நிற்கிறவர்களைப் பார்த்தால், வீட்டுக்குப் போய் நடிக்கத்தான் தெம்பிருக்கும் போல் தெரிகிறது.

எனக்கு ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அங்கே ஸ்பெஷல் நாடகம். இரவு பத்து மணிக்குமேல் தொடங்கினால் விடிகிறவரை நடக்கும். பெரும்பாலும் வள்ளி திருமணம்தான். எந்த நாடகம் என்ற கேள்வியே எழாது. முருகன் ஒரு ஊர், வள்ளி ஒரு ஊர், நாரதர் இன்னொரு ஊர் என்று தனித்தனியாக 'புக்' ஆகி வந்து, மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. பார்க்கிறவனுக்குப் பாயும் போர்வையும் போதும். பபூன் வரும்போது எழுந்து உட்கார்வோம், நடுவில் தூங்குவோம், நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் தொடங்கியதும் யாராவது தட்டி எழுப்புவார்கள். ஒத்திகையே பார்க்காமல் அவர்கள் விடிய விடிய நடத்திவிட்டுப் போனார்கள். இரண்டு மணி நேர நாடகத்துக்கு நாங்கள் ஐந்து நாள் பேசினோம்.

வியாழக்கிழமை இரவு மகள்தான் வழி கண்டுபிடித்தாள். சென்னையில் கோடை என்றால் புது நாடகங்களின் காலம். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழாவே புது நாடகங்களை மேடையேற்றிப் பரிசு கொடுப்பதற்காகத்தான். அதைப் பார்த்து வேறு குழுக்களுக்கும் ஏப்ரல், மே வந்தால் அரங்கேற்ற ஆசை வந்துவிடும். அப்படி ஒரு குழுவின் புத்தம்புது நாடகம், முதல் காட்சி. இன்னும் யாரும் பார்க்காத நாடகத்தை யாரும் குறைசொல்ல முடியாது. மாமியார் கொஞ்ச நேரம் ஓட்டை தேடிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

அடுத்தது இருக்கை. செல்பேசியில் அரங்கத்தின் படம் வந்தது. முட்டிவலிக்காக மாமியாருக்கு ஓரச் சீட்டு. காலை நீட்ட மைத்துனருக்கு ஓரச் சீட்டு. பிடிக்காவிட்டால் சத்தமில்லாமல் எழுந்து போக மகளுக்கு ஓரச் சீட்டு. மகள் எழுந்து போகிறாளா என்று பார்க்க மனைவிக்கு ஓரச் சீட்டு. கடைசியில் ஐந்து வரிசையில் ஐந்து ஓரச் சீட்டு, ஒருவர் பின் ஒருவராக. குடும்பத்தோடு நாடகம் என்று நான் நினைத்தது ரேஷன் கடை வரிசையாக அமைந்தது. இதற்கு வசதிக் கட்டணம் என்று தனியாக வேறு வாங்கிக்கொண்டார்கள்.

சாப்பாட்டுப் பிரச்சினை இதைவிடப் பெரியது. ஏழு மணி நாடகம் இரவுச் சாப்பாட்டின் நடுமார்பில் வந்து உட்காருகிறது. மார்கழி என்றால் சபா கேன்டீன் பார்த்துக்கொள்ளும், கச்சேரி ஒரு சாக்குதான். இது மே மாதம். முன்னால் சாப்பிட்டால் டிபன், பின்னால் சாப்பிட்டால் பட்டினி என்று மாமியார் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, ஐந்து மணிக்கு அடை வார்த்தார். அவியலும் உண்டு. அடையும் அவியலும் உள்ளே போன பிறகு குரோம்பேட்டையிலிருந்து ஆழ்வார்பேட்டைக்குக் கிளம்புவது எளிதான காரியம் இல்லை. மின்சார ரயில், மெட்ரோ, ஆட்டோ எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். முட்டி ஒரு படிக்கட்டுக்கும் சம்மதிக்கவில்லை. கார்தான். கார் என்றால் நான்தான்.

சாலைகள் தோண்டிக் கிடந்தன. ஒருவழிகள் புதிதாகப் பிறந்திருந்தன. அரங்க வளாகத்தில் இடம் நிரம்பிவிட்டதால் அவர்களை வாசலில் இறக்கிவிட்டு, இரண்டு தெரு தள்ளிக் காரைச் செருகிவிட்டு ஓடிவந்தேன். மூன்றாவது மணி அடித்துத் திரை விலகிற்று.

நடுவில் சோபா.

மாமியார் தன் ஓரச் சீட்டிலிருந்து திரும்பி, பின்வரிசை ஓரச் சீட்டில் இருந்த பேத்தியை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் நாடகம் மோசமில்லை. ஓய்வுபெற்ற அப்பா ஒருவர் யாருக்கும் சொல்லாமல் வீட்டை விற்கப் பார்க்கிற கதை. எழுந்து போவதற்காகச் சீட்டு வாங்கியவள் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. கூரையைப் பார்க்க வேண்டிய அவசியம் மைத்துனருக்கும் நேரவில்லை. இடைவேளையில் சிறப்பு விருந்தினர் நாடகக் கலை நலிந்து வருவதைப் பற்றிப் பேசினார். அவர் பேசிய நேரத்தில் இன்னொரு நாடகமே போட்டிருக்கலாம். ஒன்பதரை அங்கேயே போயிற்று, மாவும் போயிற்று.

வெளியே வரும்போது வாசலில் மேசை போட்டு உறுப்பினர் படிவம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் நின்றார். "இதைத்தான் நான் அப்பவே சொன்னேன். சந்தாவைக் கட்டு, அவங்க சொல்ற நாடகத்தைப் பாரு." மைத்துனரும் தலையாட்டினார். ஐந்து பேரும் ஒரே கருத்தாக நின்ற அந்த நேரத்தில் நான் பர்சை எடுத்தேன்.

மனைவி படிவத்தை விளக்கடியில் பிடித்து வாசித்தாள். "ஒரு கார்டுக்கு ரெண்டு பேர்தானாம்."

"அதனால என்ன? நீயும் நானும் போவோம்" என்றார் மாமியார்.

"அப்ப நான்?" என்றேன்.

"நீங்க இல்லாம எப்படி மாப்பிள்ளை? கார் யார் ஓட்டுவா?"