மலை ஏரி பார்ப்பது எப்படி: பூச்சோங்வாசிகளுக்கான வழிகாட்டி

முதலில் பூச்சோங்கை விட்டு வெளியேற வேண்டும். கேமரன் மலைப் பயணத்தில் கடினமான கட்டம் இதுதான். காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதாக முதல்நாள் இரவு முடிவாகும். ஏழரைக்கு எல்டிபி நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் நிற்கும்போது, “நேத்தே கிளம்பியிருக்கணும்” என்பார் அப்பா. மறுத்துப் பேசாதீர்கள், தாப்பா வரைக்கும் நீளும்.

தாப்பாவில் 59ஆம் எண் சாலை பிடித்ததும் வளைவுகள். கோடாலித் தைலம், அசாம் போய், நாலு பிளாஸ்டிக் பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாந்தி வருகிறவரை முன் இருக்கையில் உட்கார வைக்கச் சொல்வார்கள். அங்கே ஏற்கெனவே மாமியார் இருப்பார். லாத்தா இஸ்கண்டார் அருவியில் கட்டாயம் நிறுத்துங்கள். அருவிக்காக இல்லை, பைகளுக்காக.

ரிங்லெட் தாண்டியதும் ஏரி. யாரும் வாயைப் பிளக்காவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மின்சாரத்துக்காக 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணை தேக்கி வைத்த தண்ணீர் இது. படங்களில் நீலம். மழை பெய்த மறுநாள் நேரில் பார்த்தால் அசல் தே தாரிக்.

“பா, இதுல பால் ஊத்தியிருக்காங்களா?” என்பாள் சின்னவள்.

பால் இல்லை, மண். சரிவுகளை வழித்துக் காய்கறி போட்ட மலையிலிருந்து மழை இறக்கிக் கொண்டுவந்தது. ஒரு பக்கம் தூர்வாருகிறார்கள், மறுபக்கம் தூர்ந்துகொண்டே இருக்கிறது. 2013 அக்டோபரில் கனமழை இரவொன்றில் அணையைத் திறந்துவிட்டபோது கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. இதைக் காரில் சொன்னால் படம் பிடிக்க ஒருவரும் இறங்க மாட்டார்கள். சொல்லிவிடுங்கள்.

ஏரிக்குப் பத்து நிமிடம் போதும். மிச்ச நேரமெல்லாம் சாலையோரக் காய்கறிக் கடைக்கு. அம்மா நாலு முட்டைக்கோஸ், முள்ளங்கி, ஒரு பை சர்க்கரைவள்ளிக்கிழங்கு வாங்குவார். “நம்ம பாசார் மாலாம்லயே இது கிடைக்குமேம்மா” என்று யாராவது வாயெடுத்தால் காலை மிதியுங்கள். “அங்க இவ்வளவு ஃப்ரெஷ்ஷா இருக்காதுப்பா” என்று கடைக்காரர் முந்திக்கொள்வார். பேரம் அதோடு முடிந்தது.

இரவு வீடு திரும்பியதும் கிழங்கைக் கழுவும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கில் தண்ணீர் தே தாரிக் நிறத்தில் வடியும்போது, ரிங்லெட்டில் தூங்கிப்போன பிள்ளைகளை எழுப்பி வந்து காட்டலாம்.