மீன் எண்ணெய் குடித்த மனசு

அமெரிக்காவில் பாஸ்டன் மருத்துவர்கள், 50 வயதும் அதற்கு மேலும் ஆன 18,353 பேரிடம், மனச்சோர்வைத் தடுக்க முடியுமா என்று ஒரு சோதனை நடத்தினார்கள். மாத்திரைகள் தபாலில் வீட்டுக்கே போய்விடும். சிலருக்கு தினம் 2,000 யூனிட் வைட்டமின் டி, சிலருக்கு 1 கிராம் மீன் எண்ணெய், சிலருக்கு இரண்டும், மிச்சப் பேருக்கு வெறும் போலி மாத்திரை. மீன் எண்ணெய்க்குப் போலியாக ஆலிவ் எண்ணெய்!

வருஷா வருஷம் கேள்வித்தாள் வரும். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, எதிலாவது நாட்டம் உண்டா? இப்படியே ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடிற்று.

வைட்டமின் டி மனச்சோர்வைத் தடுக்கவில்லை என்று 2020-ல் தெரிந்தது. சரி, போகட்டும். அடுத்த வருஷம் மீன் எண்ணெய்க் கணக்கு வந்தது. போலி விழுங்கியவர்களில் 573 பேருக்கு மனச்சோர்வு. மீன் எண்ணெய் விழுங்கியவர்களில் 651. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது. வித்தியாசம் சிறிசுதான், இதைக் காட்டி மீனைத் திட்டக் கூடாது. ஆனால் இதே கணக்கு தலைகீழாக வந்திருந்தால் டப்பாவில் எத்தனை கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும்!

1994-ஆம் வருஷச் சட்டப்படி, அங்கே சத்து மாத்திரை விற்க அரசின் முன் அனுமதி வேண்டாம். 'மனநிலைக்கு உதவும்' என்று போட்டுக்கொள்ளலாம். கூடவே 'இதை அரசு மதிப்பிடவில்லை' என்றும் போட வேண்டும். அந்த வரியின் எழுத்து அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்காவது இருக்க வேண்டுமாம். எழுபது வயதுக் கண்ணை நினைத்துத்தான் அளந்திருப்பார்கள்.