வண்டிக்குப் பாவாடை எதுக்கு, பேராண்டி?

வா பேராண்டி, இப்படித் திண்ணையில குந்து. காலையிலேருந்து டேப்பைப் புடிச்சிக்கினு வண்டிக்குப் பின்னால குனியறதும் நிமிர்றதுமா இருக்கியே, இன்னா சமாச்சாரம்?

ஓ, இதான் அந்தக் கேரவனா? டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டையெல்லாம் கழட்டிக் கடாசிட்டு, கட்டிலு, அடுப்பு, தண்ணி டேங்கு, கக்கூஸுன்னு ஒரு குடித்தனத்தையே ஏத்திட்டே. பலே! இப்ப பின்னால இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும் ஒரே ரப்பரா மட்ஃப்ளாப் தொங்கவிடணுமா, இல்ல சக்கரத்துக்கு ஒரு துண்டு போதுமான்னு ராத்திரி பூரா தூக்கம் வரலியாமே? கட்டிலோட வண்டி வெச்சிருக்கிறவனே தூக்கம் வரலைன்னா நாங்க எங்க போய் முட்டிக்கிறது?

வண்டியில குடித்தனம் பண்றது இன்னா புதுசா? 1982ல என்.டி.ராமாராவ் கட்சி ஆரம்பிச்சாரு. பழைய செவர்லே வேன் ஒண்ணைத் தட்டிக் கொட்டி, 'சைதன்ய ரதம்'னு பேரு வெச்சு, மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட ஆந்திரா பூரா சுத்தினாரு. சோறு, தூக்கம் எல்லாம் ரோட்டுலதான். கூரை மேல ஏறி நின்னு பேசினாரு. 1983 ஜனவரியில முதலமைச்சர் நாற்காலியில போய் உக்காந்தாரு. வண்டிக்குப் பின்னால ரப்பர் எத்தினி அடி அகலம்னு எவனாச்சும் அவரைக் கேட்டிருப்பானா?

இந்த முழு அகலப் பைத்தியம் எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? அமெரிக்காவுலேருந்து. அங்க இந்த மாதிரி வீட்டு வண்டி நம்ம ஊரு ஆம்னி பஸ் சைஸுக்கு இருக்கும். அதை எடுத்துக்கினு போய் கடைத்தெருவுல கத்திரிக்கா வாங்க முடியுமா? அதனால பின்னாலயே ஒரு காரைக் கட்டி இழுத்துக்கினு போவான். முன்வண்டி கிளப்புற கல்லு அந்தக் காரு மூஞ்சியில அடிக்கும். கண்ணாடி போகும், பெயிண்டு போகும். தன் காரைக் காப்பாத்தத்தான் வண்டிக்கு அகலமா ஒரு பாவாடை கட்டினான்.

அதுலயும் அங்க ரெண்டு கட்சி. பெரிய வண்டிகள்ல டீசல் இன்ஜினும் ரேடியேட்டரும் பின்னால இருக்கும். பாவாடை கட்டினா காத்து அடைபட்டு சூடு ஏறும், புழுதி மேல சுருண்டு ரேடியேட்டர்ல அப்பும்னு ஒரு கட்சி. அது கெடக்குது, என் காருதான் முக்கியம்னு இன்னொரு கட்சி. ரெண்டு பேருகிட்டயும் நியாயம் இருக்கு. சண்டை போடட்டும்.

உன் வண்டியில இன்ஜின் எங்க இருக்கு? முன்னால. பின்னால இன்னா கட்டி இழுக்கிறே? ஒண்ணும் இல்ல. அப்புறம் எவன் காரைக் காப்பாத்தடா இந்தப் பாவாடை?

"கெத்தா இருக்கும் தாத்தா"ங்குறியா? அப்படிச் சொல்லு. கெத்துக்குன்னா கட்டிக்க, நான் குறுக்க வரல. கல்லுக்குன்னு மட்டும் எங்கிட்ட கதை விடாதே. நான் திரிசூலம் கிரஷர்லேருந்து ஜல்லி லோடு அடிச்சவன். அது லேசுப்பட்ட கல்லா? கல்கத்தாவுல ஜாப் சார்னாக்னு ஒரு வெள்ளைக்காரன் சமாதி இருக்கு. அதுக்குப் போனது நம்ம பல்லாவரம் பக்கத்துக் கல்லுதான். அதை ஹாலண்டுன்னு ஒரு நிலவியல்காரர் ஆராஞ்சு, இந்தக் கல்லு வகைக்கே 'சார்னாகைட்'னு பேரு வெச்சுட்டாரு. கல்லு நம்மளுது, பேரு செத்துப்போன துரையோடது. அந்தக் கல்லு எகிறி வந்து கண்ணாடியில பட்டா கண்ணாடி நிக்குமா?

கல்லு எப்படி எகிறுது? டயர் பட்டையில சிக்கி, சக்கரம் சுத்துற வேகத்துல பின்பக்கமா வீசி அடிக்கும். கிளம்புற எடத்துலயே மறிச்சா அங்கேயே பொத்துனு விழுந்துடும். அதுக்குத்தான் லாரிக்காரன் ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் கிட்டக்க கனத்த ரப்பரா தொங்கவிடுறான். நீ சக்கரத்தை விட்டுட்டு வண்டி வாலுல கொண்டுபோய்க் கட்டினா? கல்லு நடுவுல இருக்கிற உன் தண்ணி டேங்கு, குழாய் எல்லாத்தையும் டங்குடங்குனு விசாரிச்சிட்டு, தரையில குதிச்சு, ரப்பருக்கு அடியால வெளியே பூடும். டேங்குல ஓட்டை விழுந்தா அப்புறம் ஓடுற வண்டியிலேருந்து இன்னா ஊத்தும்னு நீயே யோசிச்சுக்க.

இன்னொண்ணு. லாரியில ஜோடி டயருக்கு நடுவுல ஜல்லி மாட்டிக்கும். அது கிளம்பினா எந்த ரப்பருக்கும் அடங்காது. நாங்க டீக்கடையில நிறுத்தினா, கிளீனர் பையன் மொதல்ல கம்பியை எடுத்துக்கினு டயர் டயரா தட்டிக்கினே வருவான். சத்தம் மாறுற எடத்துல குனிஞ்சு பார்ப்பான். கல்லு இருந்தா நெம்பி எடுத்து ஓரமா எறிஞ்சிட்டுத்தான் கிளாஸைத் தொடுவான். அதுக்கு இன்னாடா செலவு? ஒரு கம்பி, ஒரு குனியல்.

மழைத்தண்ணிக்கு இன்னா பண்றதுங்குறியா? ஐரோப்பாவுல 1991லயே பெரிய லாரிக்கும் டிரெய்லருக்கும் தண்ணி தெறிக்காம இருக்க விதி போட்டான். வழுவழுன்னு இருக்கிற ரப்பர்ல தண்ணி மோதினா சிதறிப் புகையா கிளம்பும். பின்னால வர்றவனுக்குக் கண்ணு தெரியாது. அதனால உள்பக்கம் சொரசொரப்பா, இழை இழையா இருக்கிற ஃப்ளாப்பை மாட்டுறான். தண்ணி அதுல மோதி வேகம் அடங்கி அப்படியே கீழ வடியும். அதை எங்க மாட்டுறான்? சக்கரத்துக்குப் பின்னால. அவ்வளவு படிச்சவனும் நம்ம லாரிக்காரன் கட்டுற எடத்துலதான் வந்து நிக்கிறான்.

உன் வண்டிக்கு வாலும் கொஞ்சம் நீட்டு. பின்சக்கரத்தைத் தாண்டித் தொங்குற நீளம் வீல்பேஸ்ல 60 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு விதி இருக்கு. அந்த வாலு நுனியில ரப்பரைத் தாழ்த்திக் கட்டினா, முடிச்சூர் ரோட்டுல ஸ்பீட் பிரேக்கருக்கு ஸ்பீட் பிரேக்கர் தரையைப் பெருக்கிக்கினு வருவே. ரிவர்ஸ் எடுத்தா பிளாட்பாரத்துல மாட்டிக் கிழியும். தூக்கிக் கட்டினா கல்லும் தண்ணியும் அடியால ஜாலியா போகும். முன்னால போனா கடிக்குது, பின்னால போனா உதைக்குது. எதுக்குடா இந்த வம்பு?

அது சரி, இத்தினி யோசிக்கிறவன் ஆர்சி புக்கை யோசிச்சியா? ஆர்சியில இருக்கிறதுக்கு மாறா வண்டியை மாத்திக் கட்டக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்லுது. டிஎன்-11னு நம்பர் போட்டிருக்கியே, தாம்பரம் ஆர்டிஓ ஆபீஸ் வரைக்கும் போய் கட்டில் போட்ட கதையைச் சொன்னியா? தலையைச் சொறியாதே. கூரை ஏறிக் கோழி புடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்.

இப்ப நம்ம ஊரு நியாயத்துக்கு வா. ஐப்பசி, கார்த்திகையில பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புல நின்னு பாரு. ஜிஎஸ்டி ரோட்டு ஓரத்துல முழங்கா அளவு தண்ணி. இஸ்கூலுக்குப் போற பொண்ணு, கூடையில பூ வெச்சிருக்கிற அம்மா, வெள்ளைச் சட்டையைப் பேன்டுக்குள்ள வுட்டுக்கினு ஆபீஸ் போற ஆளு. ஒரு வண்டி சர்ருனு வரும். அத்தினி பேரும் குளிச்சு முடிச்சாச்சு. அந்தத் தண்ணி பின்னாலயா போச்சு? பக்கவாட்டுல போச்சு. உன் பின்பக்கத்துல தாம்பரம் ஸ்டேஷன் அகலத்துக்கு ரப்பர் கட்டினாலும் அந்தப் பொண்ணு பாவாடையில சேறு படத்தான் போவுது. அதைத் தடுக்கிற சாமான் எந்தக் கடையிலயும் விக்கல. ஆக்ஸிலரேட்டர் மேல இருக்கிற காலை எடுக்கணும், அத்தோட சரி.

2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரத்துல படகு விட்டு ஆளை ஏத்தினாங்களே, அந்தத் தண்ணிக்கு ரப்பர் மட்டுமில்ல, வண்டியே ஆகாது. அப்ப மேட்டுல நிறுத்திட்டு, உன் கட்டில்ல நிம்மதியா படு.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்றேன், டேப்பைக் கீழ வை. கனத்த ரப்பர் ரெண்டு துண்டு. டயர் அகலத்தைவிட ரெண்டு விரக்கடை கூட. சக்கரத்துக்குப் பின்னால, டயர்ல உரசாம எத்தினி கிட்டக்க முடியுமோ அத்தினி கிட்டக்க. மேல இரும்புப் பட்டை வெச்சு போல்ட் முடுக்கு. தரைக்கும் ரப்பருக்கும் ஒரு சாண் இருக்கட்டும். வேலை முடிஞ்சுது.

நம்பிக்கை வரலியா? அடுத்த மழையில கேரவனை உன் மச்சான்கிட்ட குடு. நீ கல்யாணத்துக்குக் கட்டின வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டு, ஹெல்மெட்டைப் போடு, டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கினு பின்னாலயே வண்டலூர் வரைக்கும் போ. வேட்டி வெள்ளையா திரும்பினா ரப்பர் சரி. கறை பட்டுச்சுன்னா இன்னும் கொஞ்சம் கிட்டக்க மாட்டு. வேட்டியை மட்டும் நீயே தொவைச்சுக்க, என் பேத்தி தலையில கட்டாதே.