தட்டாமல் வரவும்

போன ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டே முக்கால் மணிக்கு என் சகலை என் மீன்தொட்டியைத் தட்டினார். இன்று புதன்கிழமை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

விரல்நுனியால் தட்டியிருந்தாலாவது போகட்டும் என்று விட்டிருப்பேன். வலதுகையில் ஒரு நீலக்கல் மோதிரம் போட்டிருக்கிறார், சனிப்பெயர்ச்சிக்கு வாங்கியது. அதால் தட்டினார். டொக், டொக், டொக். தட்டிவிட்டு, "இன்னா சகலை, தூங்கினுகீதா?" என்றார்.

தூங்கவில்லை. காவல் இருந்தன. முந்தின நாள் சாயங்காலம்தான் சமையலறை அலமாரிக்குப் போட்டு மிச்சமிருந்த கடப்பா கல்லின் மேல் ஆயிரத்துக்குக் குறையாமல் முட்டை இட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு அடி நீளம் வளர்ந்த ஆஸ்கர் மீன்கள் இரண்டு. ஒன்று கல்லுக்கு மேலே நின்று செட்டையால் விசிறும், இன்னொன்று சுற்றி வரும், பிறகு முறை மாறும். டொக் சத்தம் கேட்டதும் இரண்டும் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றின. திரும்பிக் கல்லுக்கு வந்தன. குனிந்து மேய ஆரம்பித்தன. ஆபத்து என்று தோன்றிவிட்டால் சொந்த முட்டையைத் தானே தின்றுவிடுகிற ஜாதி அது. சகலை இரண்டாவது தடவை எண்ணெய்க் கத்தரிக்காய் போட்டுக்கொள்வதற்குள் கல் கழுவிக் கவிழ்த்த மாதிரி ஆகிவிட்டது.

நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. ஆஸ்கர் மாதிரியான பெரிய சிக்லிட் மீன்களை வீட்டுத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைப்பது எப்படி என்பதை, இரண்டு வருஷ அனுபவத்தில் கண்டதை, நாலு பேருக்குப் பயன்படட்டுமே என்று எழுத உட்கார்ந்தேன். கட்டாயம் சொல்கிறேன். அதற்குமுன் இந்தத் தட்டுகிற சமாசாரத்தை ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

நாம் எதைத் தட்டாமல் விட்டோம்? தேங்காய்க் கடையில் ஆரம்பிக்கிறோம். ஆட்டிப் பார்த்து, காதோரம் வைத்து, சுண்டிப் பார்க்கிறோம். எந்தச் சத்தம் நல்ல சத்தம் என்று நம்மில் யாருக்கும் தெரியாது. கடைக்காரர் இரண்டு காயை ஒன்றோடொன்று மோதிக் காட்டுவார், தெரிந்த மாதிரி தலையாட்டுவோம். பலாப்பழத்தைத் தட்டுகிறோம், தர்பூசணியைத் தட்டுகிறோம். மண்பானை வாங்கப் போனால் அடுக்கில் இருக்கிற அத்தனை பானையையும் தட்டிவிட்டு, முதலில் தட்டியதையே வாங்கி வருகிறோம். வீடு கட்டுகிறவன் இரண்டு செங்கல்லை மோதிப் பார்க்கிறான். கட்டிய வீட்டைப் பார்க்க வருகிறவன் டைல்ஸைத் தட்டி "உள்ளே காலி" என்று சொல்லி வீட்டுக்காரன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டுப் போகிறான். ரிமோட் வேலை செய்யாவிட்டால் உள்ளங்கையில் தட்டுகிறோம், அப்படியும் செய்யாவிட்டால் டிவியின் தலையில். எங்கள் வீட்டு இன்வெர்ட்டரை இடது பக்கம் கீழே தட்ட வேண்டும், வலது பக்கம் தட்டினால் கோபித்துக்கொள்ளும். டாக்டர் நெஞ்சைத் தட்டுகிறார். பாட்டி குழந்தையின் முதுகைத் தட்டி ஏப்பம் வாங்குகிறாள். கண்டக்டர் விசில் ஊதியும் கிளம்பாத டவுன் பஸ், யாரோ ஒருவர் பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் கிளம்பிவிடுகிறது. தட்டியவர் டிக்கெட்கூட எடுத்திருக்க மாட்டார், சும்மா அங்கே நின்றிருந்தவர். தட்டுவதற்குக் கையருகே ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் பிள்ளையார் எதிரில் நின்று நம் மண்டையையே குட்டிக்கொள்கிறோம்.

தட்டாமல் விடுவது ஒன்றே ஒன்றுதான். கதவு. அதை மட்டும் தட்டவே மாட்டோம். நேராகக் கூடத்துக்கு வந்து நின்று, "யாரும் இல்லையா?" என்போம்.

சரி, தேங்காயைத் தட்டினால் முற்றலா இளசா என்று தெரியும். பஸ்ஸைத் தட்டினால் நகரும். மீனைத் தட்டினால் என்ன கிடைக்கும்? திரும்பிப் பார்த்து வணக்கம் சொல்லுமா? காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகத் தண்ணீரில் போகிறது சத்தம். மீனுக்கு உள்காது உண்டு. போதாததற்கு உடம்பின் பக்கவாட்டில் செவுளிலிருந்து வால் வரை ஒரு கோடு போல அதிர்வு உணரும் உறுப்பு வேறு உண்டு. உங்கள் படுக்கையறைக்குள் ஒருவர் வந்து தவில் வாசித்துவிட்டு, "தூங்கினுகீறியா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

இதில் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு வியாதி உண்டு. இது தோல் ஊர். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் வீட்டுக்கு ஒருத்தராவது ஷூ கம்பெனியிலோ தோல் ஷாப்பிலோ இருப்பார். பெண் பார்க்கப் போன இடத்திலும் சோபாவைக் கட்டைவிரலால் அழுத்தி, சுருக்கம் எப்படி விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். விருந்தாளி வாசலில் கழற்றிவிட்ட ஷூவை எடுத்து மடக்கி, "லூஸ் கிரெய்ன்" என்று சொல்லிவிட்டு அதே இடத்தில் வைப்பார்கள். சகலை இருபது வருஷமாக செலக்‌ஷன் பார்க்கிறவர். கை சும்மா இருக்காது. நானும் ஃபினிஷிங்கில் இருப்பவன்தான். கல்யாண வீட்டில் ஒருவருடைய பெல்ட்டைத் தடவிப் பார்த்துத் திட்டு வாங்கியவன்தான். ஆனால் தொட்டியைத் தட்டியதில்லை.

மீன் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் கொளத்தூர்தான் வண்ணமீனுக்குத் தலைநகரம். அங்கே ஒரு கடையில் "கன்ஃபர்ம் ஜோடி சார்" என்று சொல்லி 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். ஆக்சிஜன் அடைத்த இரண்டு பிளாஸ்டிக் பைகளை மடியில் வைத்துக்கொண்டு ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஆம்பூர் வந்து இறங்கினேன். அரக்கோணத்துக்குள் மூன்று பேர் பையைத் தட்டிவிட்டார்கள்.

கொளத்தூருக்குப் பக்கத்து ஊர் வில்லிவாக்கம். 2019 ஜூலையில் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீரை ரயில் ஏற்றி அனுப்பினார்களே, அது போய் இறங்கியது அந்த வில்லிவாக்கத்தில்தான். எங்கள் ஆம்பூர் ஸ்டேஷனைத் தாண்டித்தான் போனது. ஆக, தண்ணீர் இங்கிருந்து அங்கே போகிறது, மீன் அங்கிருந்து இங்கே வருகிறது. இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள் என்று தெரிந்தால் அவர்களையும் இரண்டு தட்டுத் தட்டலாம்.

ஏனென்றால் இங்கே தண்ணீர்தான் பிரச்சினை. ஆஸ்கருக்குச் சொந்த ஊர் அமேசான், உப்புக் குறைந்த மென்மையான தண்ணீர். பாலாற்றங்கரை போர் தண்ணீரின் லட்சணம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் தெரியும். தோல் ஷாப் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில் 1996-ல் தீர்ப்பே வந்திருக்கிறது. எங்கள் போரில் பிடித்த தண்ணீரில் உப்பு அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்தேன். எண்ணைப் பார்த்துவிட்டு மீட்டர் கெட்டுவிட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போய், மீட்டர் சரியாக இருக்கிறது என்று தெரிந்து அமைதியாகத் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து 250 லிட்டர் தொட்டியில் வாராவாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுவதற்குப் பாதி போர், பாதி கேன். "மனுஷங்க சமையலுக்கு போர் தண்ணி, மீனுக்கு கேன் தண்ணி" என்று என் மனைவி இதைத் தெருவுக்கே சொல்லியாகிவிட்டது. தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் ஒன்றும் என்னிடம் இருக்கிறது. ஆம்பூரில், மே மாதத்தில் வாங்கினேன்.

மாமியார் வந்தபோது கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இது நம்ம ஜிலேபி ஜாடையா இருக்குதே" என்றார். சுருக்கென்றிருந்தது. ஆனால் உண்மை. மார்க்கெட்டில் கூறுபோட்டு விற்கிற ஜிலேபிக் கெண்டை, கேரளத்துக்காரர்கள் வாழையிலையில் பொள்ளிக்கிற கரிமீன், என் ஆஸ்கர், எல்லாம் ஒரே சிக்லிட் குடும்பம். 1952-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஜிலேபி, எந்தக் கேன் தண்ணீரும் இல்லாமல் நாட்டில் உள்ள ஏரி குளத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. அதில் தாய்மீன் முட்டையை வாய்க்குள் வைத்தே பொரிக்கிறது. எத்தனை சகலைகள் வந்து தட்டினாலும் ஆபத்தில்லை. எனக்கு யார்மேல் பொறாமை வரும் என்று ஒரு கணக்கே இல்லாமல் போய்விட்டது.

குஞ்சு பொரிக்கும் முறைக்கு வருகிறேன். இது நாலாவது ஈடு. முதல் மூன்று தடவை யாரும் தட்டவில்லை. ஆனால் இரண்டாம் நாளே முட்டை வெள்ளை வெளேர் என்று மாறி, மூன்றாம் நாள் பஞ்சு பூத்தது. கருக்கூடிய முட்டை தேன்நிறத்தில் தெளிவாக நிற்கும், இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். வெளுத்தால் போயிற்று. பூஞ்சைக்கு மெத்திலின் புளூ விட்டேன். தொட்டி முழுக்க நீலம். "எங்கிட்ட சொட்டு நீலம் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றாள் மனைவி. சகலை வந்து பார்த்து, "வீட்லயே வெட் புளூ போட ஆரம்பிச்சிட்டியா?" என்றார். குரோமில் பதனிட்ட தோலும் அந்த நிறம்தான். தொழில் தெரிந்தவன் அடிக்கிற ஜோக், சிரிக்காமல் இருக்கவும் முடியாது.

திங்கட்கிழமை கொளத்தூருக்குப் போன் போட்டேன். நாலு ஈடு கதையையும் சொன்னேன். எதிர்முனையில் சற்று யோசனை. "சார், முட்டை போடறப்போ ரெண்டு மீனுமே கல்லு மேல வந்து ஒட்டுச்சா?" ஒட்டின. "ரெண்டுக்கும் அடிவயித்துக் குழாய் மொத்தமா, மழுங்கலா இருந்துச்சா?" இருந்தது. "ஆணுக்குக் கூர்மையா இருக்கும் சார். ரெண்டும் பொண்ணு." ஆஸ்கரில் வெளிப்பார்வைக்கு ஆண் பெண் வித்தியாசம் கிடையாது, இரண்டு பெண்ணே ஜோடி சேர்ந்து கல்லைச் சுத்தம் செய்து முட்டையிட்டுக் காவலும் காக்கும் என்று அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. கன்ஃபர்ம் ஜோடி என்றீர்களே என்றேன். "ஜோடியாத்தானே சார் இருக்குது?"

இதை மனைவி அக்காவுக்குச் சொல்லி, அக்கா சகலைக்குச் சொல்லி, நேற்று ராத்திரி சகலை அரைக்கிலோ ஆற்காடு மக்கன் பேடாவோடு வந்தார். எப்படியும் பொரித்திருக்காத முட்டைதானே, அவர் தட்டியதில் என்ன நஷ்டம் என்று வீட்டில் எல்லாரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மன்னிக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. பேடாவை வாங்கிக்கொண்டேன்.

நீங்களும் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் பிரியாணி நிச்சயம். கதவைப் பலமாகவே தட்டுங்கள், காலிங் பெல் வேலை செய்யவில்லை. மோதிரம் போட்டிருந்தால் கழற்றி வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். செருப்பை யாராவது மடக்கிப் பார்த்தால் ஒன்றும் சொல்லாதீர்கள். அது நானாகத்தான் இருப்பேன்.